உறைக்குள் விழுந்த முடிச்சு

வண்டிச் சீட்டுகளுக்குத் தோல் உறை தைப்பது என் வேலை. துபாயில், சத்வாவின் பின்தெரு ஒன்றில் இருக்கும் சின்னக் கடையில் இருபத்திரண்டு வருடமாக ஒரே மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தைத்து முடித்த சீட்டை வண்டியில் மாட்டியதும் நானே ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணை மூடி, ஒரு செபமாலை முழுவதும் சொல்லுவேன். ஐம்பத்து மூன்று மணியும் விரலில் உருண்டு முடிவதற்குள் எங்கே இடிக்கிறது, எங்கே நூல் உறுத்துகிறது என்று உடம்பே சொல்லிவிடும். அப்படி உட்கார்ந்து பார்க்காமல் எந்தச் சீட்டையும் நான் வெளியே அனுப்பியதில்லை.

இதோடு ஒரு நேர்ச்சையும் உண்டு. என் மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாகி, டாக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மாதாவிடம் சொன்னேன். இரண்டு பேரையும் திருப்பிக் கொடுத்துவிடு, இனி என் கையில் முடிகிற எந்தத் தையலும் உன் மகனுடைய அடையாளம் இல்லாமல் முடியாது என்றேன். இரண்டு பேரையும் கொடுத்தாள். அன்றிலிருந்து கடைசி நூலை மிஷினில் வெட்டுவதில்லை. ஊசியில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல் போட்டு இறுக்கி முடிப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது முடிச்சு. எனக்குச் சிலுவை. சீட்டின் அடியில், யார் கண்ணும் படாத இடத்தில் கிடக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் அதைப் போட வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம். மத்தியான அடைப்பு முடிந்து நாலு மணிக்குக் கடை திறந்தபோது வாசலில் ஒரு பெரிய கறுப்பு வண்டி நின்றது. இறங்கியவர் நம் ஊர்க்காரர். அந்தக் கொதிக்கிற வெயிலில் கோட் போட்டிருந்தார். நிமிர்ந்த உடம்பு, நரைத்த மீசை. ஆனால் வலது காலை லேசாக இழுத்து நடந்தார்.

"மாஸ்டர், டிரைவர் சீட்டுல இந்த வலப்பக்க மேட்ட கொஞ்சம் செதுக்கிடுங்க. இடுப்புல இடிக்குது."

நான் சீட்டை அமுக்கிப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். இந்த நாட்டு வண்டியில் டிரைவருக்கு இடது பக்கம்தான் கதவு. சீட் பெல்ட் கொக்கி வலது இடுப்பில் வரும். கொக்கியும் இடிக்கவில்லை, மேடும் இடிக்கவில்லை.

"சீட்டுல குத்தமில்ல சார். நீங்க இடுப்புல என்ன மாட்டியிருக்கிய?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். கைத்துப்பாக்கியின் பிடி தெரிந்தது.

என்னோடு வேலை செய்யும் பாய் ராமநாதபுரம் பக்கம். ஃபோம் வெட்டுகிறவர். அவர் கத்தியை அப்படியே வைத்துவிட்டுக் கடையின் உள்ளே போய்விட்டார். இந்த நாட்டில் அந்தப் பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூட எங்களுக்குப் பயம். வந்தவர் சட்டைப்பையிலிருந்து அதற்கு அனுமதி என்று அரபி எழுத்தில் அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர் பக்கம், ஒரு பெரிய வீட்டில் காவலும் டிரைவர் வேலையும் சேர்த்துப் பார்க்கிறார் என்று சொன்னார். எங்களுக்கு விசா கொடுத்திருக்கும் கஃபீலுக்குப் போன் போட்டேன். அவர் அந்த வீட்டு மேனேஜரிடம் பேசிவிட்டு, "மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை, அவருக்கு வேண்டியதைச் செய்து கொடு" என்று சொன்ன பிறகுதான் அளவு நாடாவைக் கையில் எடுத்தேன்.

ஹவில்தார் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"எட்டு வருஷமா அந்த வீட்ல கீறேன் மாஸ்டர். பாப்பாவுக்கு ஆறு வயசு. ஸ்கூலுக்கு நான்தான் இட்டுனு போறேன். போன மாசம் ஓடியாந்து இடுப்ப கட்டிக்கிச்சு. கன்னம் இதுல இடிச்சி வீங்கிடுச்சு. 'அங்கிள், உள்ள என்ன கல்லு?'ன்னு கேக்குது. மேடம் பாத்துட்டாங்க. குழந்தைக்கு இது தெரியவே கூடாது, இன்னொரு தரம் தெரிஞ்சா கலாஸ், ஊருக்குப் போன்னுட்டாங்க. அது ஒரு பக்கம். தொடை மரத்துப்போய் கால இழுக்கிறேன். மேனேஜர் அதையும் பாத்துட்டான். ஓட முடியாதவன் காவலுக்கு எதுக்குன்றான். ஸ்கூல் திறக்க ரெண்டு வாரம் கீது. அதுக்குள்ள எதனா பண்ணுங்க."

வண்டியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தார். எல்லாம் உறைகள். கெட்டி பிளாஸ்டிக்கில் ஒன்று. அதன் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை ஒன்று. வேர்வையில் ஊறி நாறியது, போட்ட இடமெல்லாம் சொறி என்றார். தோளில் மாட்டுவது ஒன்று. கோட் பட்டனைத் திறந்தால் தெரிந்துவிடும். கணுக்காலில் கட்டுவது ஒன்று; பிரேக் மிதிக்கும்போது இடிக்கும். முன் வயிற்றில் செருகுவது ஒன்று. உட்கார்ந்தால் மூச்சு முட்டும்.

"இத்தன வாங்கியும் ஒண்ணும் ஆகல. நல்ல உறைன்னா போட்டுனு இருக்கறதே தெரியக் கூடாது மாஸ்டர். மறந்துடணும்."

அந்தக் கடைசிச் சொல் எனக்கு என்னமோ போலிருந்தது. ஆனால் அவர் இழுக்கிற காலையும் பார்த்தேன்.

"நெச சாமான் கடைக்குள்ள வரக் கூடாது சார். அதே அளவுல மரத்துல ஒண்ணு செஞ்சு கொண்டாங்க" என்றேன்.

இரண்டு நாளில் கொண்டுவந்தார். வீட்டுத் தச்சர் செதுக்கியதாம். கறுப்புச் சாயம் பூசியிருந்தது. கையில் எடுத்தேன், இலேசாக இருந்தது. எடை இல்லாமல் உறையின் குணம் தெரியாது. எங்கள் ஊர் கடலோரம் என்பதால் எனக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஞாபகம் வந்தது. மீன் மார்க்கெட் பக்கம் தேடி வாங்கி, மரத்தைக் குடைந்து உள்ளே இறக்கி, மெழுகால் அடைத்தேன். எவ்வளவு கனம் வேண்டும் என்று ஹவில்தாரே கையில் வைத்துச் சொன்னார். கடைசிக் குண்டை இறக்கியதும் அவர் விரல்கள் அதன்மேல் தானாக மடங்கின. "இதான்" என்றார். பாய் அன்று முழுவதும் அந்த மேசைப் பக்கமே வரவில்லை.

உறை முழுவதற்கும் கெட்டி மாட்டுத்தோல் எடுத்தேன். உடம்பில் படுகிற பக்கத்தில் அதன்மேல் ஒரு உள்தோல், சீட்டில் தலை சாய்க்கிற இடத்துக்குப் போடுவோமே, அந்த மெல்லிய தோல். வாய் சுருங்கிவிடாமல் நிற்க ஒரு பட்டை. விசைப் பக்கம் விரல் நுழையாதபடி முழுக்க மூடல். இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், முன்பக்கம் சாய்ந்தாற்போல் உட்கார வேண்டும். அப்போதுதான் சீட் பெல்ட் கொக்கியில் மாட்டாது. பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் இருக்க, பெல்ட் நுழைகிற வளையங்களை விலக்கி வைத்தேன். இரும்பு சதையில் படாமல் இருக்க உடம்புப் பக்கத் தோலை மேலே ஒரு கை அகலம் ஏற்றிவிட்டேன். தோலை நனைத்து மரத்தின்மேல் போர்த்தி விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுத்தபோது, தோலுக்கு அடியில் ஒரு முகத்தைத் தடவுவதுபோல் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ்.

"இதுக்கு மட்டும் குருசு போட மாட்டேன். உயிர எடுக்கிற சாமானுக்கு ஆண்டவருடைய அடையாளமா?"

"தைக்கது மட்டும் தைக்கலாமாக்கும்" என்றாள். "தைக்கதா இருந்தா முழுசாத் தைங்க. இல்லன்னா தைக்காதீய. அந்த மனுசன் புள்ளைக்குக் காவலுக்கு நிக்காரு, கொல பண்ணவா போறாரு?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. வியாழக்கிழமை உறையை முடித்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: கறுப்பு நூல், மிஷினிலேயே முன்னும் பின்னும் ஒரு முறை ஓட்டி, கத்தரியால் வெட்டினேன். ஊசியை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே உறையை என் இடுப்பில் மாட்டி, மரத்தைச் செருகி, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். சீட் என்றால் ஒரு செபமாலை நேரம் போதும். நாள் முழுக்க உடம்பில் கிடக்கிற பொருளை நாள் முழுக்கப் போட்டுப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? வழியில் ஒரு போலீஸ்காரர் தட்டிப் பார்த்திருந்தால் "இது மரம்" என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா?

பஸ்ஸில் கூட்டம். கண்ணாடிகளில் வெளியே ஈரம் படிந்து தெரு விளக்குகளெல்லாம் கரைந்து தெரிந்தன. எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் வலப்பக்க இடம் காலி. நின்றுகொண்டிருந்தவர்கள் பலர். ஒருவர் உட்கார வந்தார், பாதி குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவரும் அதையே செய்தார். என் ஸ்டாப் வரும் வரை அந்த இடம் காலியாகவே வந்தது. சட்டை மூடித்தான் இருந்தது. குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் டீ குடிக்கப் போனோம். பாய் என்னையே பார்த்தார்.

"என்ன மாஸ்டர், எப்பவும் செவுத்தப் பாத்துத்தானே உக்காருவீங்க? இன்னைக்கி என்ன, கல்லாவுக்குக் காவலா?"

அப்போதுதான் கவனித்தேன். சுவரில் முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். வலது முழங்கை உடம்பைவிட்டு விலகி நின்றது. டீயை இடது கையில் பிடித்திருந்தேன். நான் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் குடித்தவனில்லை.

அந்த மரம் சூடேறவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஆகஸ்ட் வெயிலில் பையிலிருக்கும் சாவிகூடக் கொதிக்கும். என் உடம்புச் சூடு, தோலின் சூடு, எல்லாவற்றுக்கும் நடுவில் அது மட்டும் குளிர்ந்தே இருந்தது. ஈயம் என்றால் குளிரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அதோடுதான் போனேன். அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போகலாமா என்று ஒரு நிமிடம் வாசலில் நின்றேன். முழங்கால் போடும்போது எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமே என்று காரணமும் சொல்லிக்கொண்டேன். அது தப்பு. சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது எல்லோரும் முழங்காலில் இருந்தோம். முன்வரிசையில் ஒரு தாயின் தோள்மேல் கைக்குழந்தை ஒன்று பின்பக்கம் பார்த்துக் கிடந்தது. அது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது இடுப்பைப் பார்த்தது. மணி அடித்தது. குழந்தை கண்ணை எடுக்கவில்லை. நான் நகர்ந்தேன்; அதன் கண்ணும் நகர்ந்தது. பிறகு வீரிட்டு அழத் தொடங்கியது. தாய் என்ன செய்தும் அடங்காமல், எழுந்து வெளியே போய்விட்டாள். அன்று நான் போய் நன்மை அப்பம் வாங்கவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, உறையில் ஒரு குத்தல் இருந்தது. இடுப்பு எலும்புக்குக் கீழே ஒரே இடம். உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஊசி முனை மாதிரி ஒரு சுருக். திங்கட்கிழமை தோலின் ஓரத்தைச் சீவினேன். சாய்வை மாற்றினேன். வளையங்களைப் பிரித்து அரை விரல் மேலே ஏற்றினேன். உறை மேலே ஏறியது. குத்தல் ஏறவில்லை, அதே இடத்தில்தான் குத்தியது. உள்தோலை விரலால் எத்தனை தடவை தடவினாலும் வழுவழுவென்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை உறையைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டு வெறும் இடுப்போடு வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்தேன். சுருக்.

"ஏன் சாஞ்சு இருக்கிய?" என்றாள் மனைவி. "நாலு நாளாப் பாக்கேன். பேச்சும் ஒரு மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு வருது. இடுப்பக் காட்டுங்க."

சட்டையைத் தூக்கினேன். அவள் விளக்குக்கு நேராக என்னைத் திருப்பி நிறுத்தினாள். குனிந்து பார்த்தவள் இன்னும் கிட்டே வந்தாள்.

"என்னட்டி?"

"குருசு மாதிரில்லா இருக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு சின்னச் சிவந்த கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. அளந்து வைத்தது மாதிரி. அவள் விரலால் அழுத்தி, நர்ஸ் குரலில், "நூல் அழுந்தின தடம் இது. உள்ளுக்க எங்கயோ முடிச்சு கெடக்கு" என்றாள்.

"நான் முடிச்சே போடலயே."

"அப்பம் போடாத முடிச்சு எப்படிக் குத்தும்? நாளைக்குப் பிரிச்சுப் பாருங்க. அந்த மனுசனுக்கும் இப்படித்தான் குத்தும். காலு இன்னும் மோசமாப் போவும்."

புதன்கிழமை காலையில் கடைக்குப் போனதும் உள்தோலின் தையலைப் பிரித்தேன். இரண்டு தோலுக்கும் நடுவில் இருந்தது. என் சிலுவை. வெள்ளை நூலில், கையால் போட்டு இறுக்கியது. அந்த முடிச்சை நான் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வேன். பக்கத்திலேயே என் மிஷினின் கறுப்புத் தையலும், நான் வெட்டிய இடமும் இருந்தன.

"பாய், இங்க வாங்க. இத யாரு தைச்சா?"

பாய் எட்டிப் பார்த்தார். "நீங்கதானே? வியாழக்கிழமை ஏசி ட்ரிப்பாகிக் கரண்டு போச்சே, அப்ப. மிஷின் நின்னுருச்சு. நீங்க ஊசிய எடுத்தீங்க. டீ சொல்லவான்னு ரெண்டு தரம் கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. கண்ணு ரோட்டுல நிக்கிது, கை மட்டும் போயிட்டுப் போயிட்டு வருது. வாய் என்னமோ முணுமுணுங்குது. எனக்கே ஒரு மாதிரியா ஆயிருச்சு. உள்ள போயிட்டேன்."

கரண்டு போனது எனக்கு நினைவிருந்தது. வேர்த்துக் கொட்டியது நினைவிருந்தது. பிறகு விளக்கு வந்தது நினைவிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. இன்றுவரை இல்லை.

நேர்ச்சையை நான் விட்டேன். அது என்னை விடவில்லை என்று பயந்துபோனேன். அன்று சாயங்காலம் ஹவில்தார் வருவதாகச் சொல்லியிருந்தார். ஸ்கூல் திறக்க நாலே நாள். முடிச்சு இருந்தால் அவருக்குக் குத்தும், கால் இழுக்கும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிரித்தால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முடிச்சை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம், அதாவது பொருள் உட்காருகிற உள்பக்கத்தில் போட்டேன். மனிதன் மேல் படாது. இரும்பின் மேல்தான் படும். சொல்லப்போனால் அதுதான் சரியான இடம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்து உறையை மாட்டிக்கொண்டார். மரத்தைச் செருகினார். கடைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். முகம் மலர்ந்தது. பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கோட்டை ஒதுக்கி மரத்தை வெளியே எடுத்தார். அவர் கை போனதும் வந்ததும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு வேகம். மறுபடியும் செருகி எடுத்தார். மூன்றாவது தடவை ஒரு சின்னச் சத்தம். கை பாதியில் நின்றது.

"பிடிக்குது மாஸ்டர்."

நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உள்ள என்னமோ பிடிக்குது."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நேர்ச்சை, போட வேண்டாம் என்று நினைத்தது, என் கையே போட்டது, என் இடுப்பில் விழுந்த தடம், எல்லாவற்றையும் சொன்னேன். பாய் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஹவில்தார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உறையைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு, அந்த முடிச்சைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்.

"உங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லல. நானும் தெனம் காலைல முருகர கும்பிட்டுட்டுத்தான் இத மாட்டறேன். எடுக்கற நாளு வரவே கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன். எட்டு வருஷத்துல ஒரு தரம்கூட எடுத்ததில்ல. ஆனா அப்படி ஒரு நாளு வந்துச்சுன்னா, பக்கத்துல பாப்பா நிக்கும். அன்னிக்கு இது பிடிக்கக் கூடாது மாஸ்டர்."

எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்கூடத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்டதும் ஒரு பிள்ளையைத்தானே. ஊசியை எடுத்து, அவர் முன்னாலேயே முடிச்சைப் பிரித்தேன். மாதாவே, இதை நீதான் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். இரண்டு சின்ன வெள்ளை நூல் துண்டுகள் வந்தன. குப்பையில் போட மனமில்லாமல் என் செபமாலைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். உள்தோலை மறுபடி சேர்த்து மூடினேன், மிஷினில், கறுப்பு நூலால். அந்த நேரம் முழுவதும் பாயை என் கையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன்.

ஹவில்தார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே நின்று ஒரு செபமாலை சொல்லி முடித்தேன்.

"குத்துதா சார்?"

"தெரியல மாஸ்டர். ஒண்ணுமே தெரியல. போட்டுனு கீறனான்னே தெரியல."

சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் "மறந்துடணும்" என்று அவர் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது.

என் இடுப்பிலிருந்த தடம் போகவில்லை. உறை போய் இரண்டு மாதம், மூன்று மாதம் ஆன பிறகும் உட்காரும்போது சுருக் என்றது. மனைவி களிம்பு தடவினாள். கிளினிக் டாக்டரிடம் காட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. நான் சாய்ந்து உட்கார்வதே பழகிப்போனது.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. மூடுபனி இறங்கி எதிர்க் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து அந்தக் கறுப்பு வண்டி மெதுவாக வந்து நின்றது. பின்சீட்டில் தையல் கொஞ்சம் விட்டிருந்தது. காட்டிவிட்டுப் போக வந்திருந்தார். அவர் இறங்கி நடந்ததைப் பார்த்தேன். இரண்டு காலும் ஒன்றுபோல் ஊன்றின. பின்கதவு திறந்து நீச்சல் பையோடு ஒரு சிறுமி குதித்து ஓடிவந்து, அவருடைய வலது இடுப்பையே கட்டிக்கொண்டாள். அவள் கன்னத்தை அங்கே நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அங்கிளுக்குள் முன்னால் ஒரு கல் இருந்தது, இப்போது இல்லை என்று இங்கிலீஷில் எனக்குச் சொன்னாள். ஹவில்தார் அவளைத் தூக்கி வண்டிக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், அன்னிக்கு மூடும்போது திரும்பவும் போட்டீங்களா?"

"என்னத்த?"

"அந்த முடிச்ச."

"பாயக் கேளுங்க. கண்ண எடுக்காமப் பாத்துட்டு நின்னாரு. போடல சார்."

"ஒரு வாரமா தடம் விழுது. இங்க." இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கோட்டுக்கு மேல்தான் தொட்டார். ஆனால் அந்த இடம் எனக்குத் தெரியும். "இந்த மாதிரி" என்று, பனி படிந்த வண்டிக் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து, அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு இழுத்தார்.

தோல் வேர்வையில் இறுகும்போது பழைய ஊசித்துளைகள் மேடு தட்டும், சீட்டுகளில் பார்த்திருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை. உள்தோலை மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டேன்.

"வேணாம் மாஸ்டர். வலியெல்லாம் இல்ல. காலைல மாட்டும்போது ஒரே ஒரு தரம் சுருக்குங்குது. இன்னாத்த மாட்டறோம்னு அப்ப ஞாபகம் வருது. அப்புறம் நாள் பூரா ஒண்ணும் தெரியறதில்ல. அப்படியே இருக்கட்டும்."

வண்டிக்குள்ளிருந்து சிறுமி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் உட்பக்கத்தில் விரலை வைத்து, அவர் வெளியே போட்ட கோடுகளின் மேலேயே மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள், முதலில் நெடுக்கே, பிறகு குறுக்கே. வண்டி நகர்ந்து பனிக்குள் போகும் வரை அவள் விரல் அங்கேயே இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மனைவி சோறு வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"இன்னைக்கு நேரா இருக்கிய" என்றாள்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். தடம் இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள், ஒன்றுமே இல்லை.

"எப்பம் போச்சு?"

"தெரியல" என்றேன். ஆனால் ஹவில்தார் சொன்ன அந்த ஒரு வாரமாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

இப்போது தினமும் காலையில், அவர் பெல்ட்டை இறுக்குகிற நேரமாக இருக்கும் என்று நான் நினைக்கிற நேரத்தில், அவருக்கும் அந்தப் பிள்ளைக்குமாக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுகிறேன். செபமாலைப் பெட்டியைத் திறக்கும்போது அந்த இரண்டு வெள்ளை நூலும் அடியில் கிடக்கும். எடுத்துப் பார்ப்பதில்லை. அவை எப்படிக் கிடக்கின்றனவோ அப்படியே விட்டுவிட்டு, மணியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.